ஆள்பவரின் மந்தையும் உழவரின் கோகோவும்: வாசகர் கேள்வி பதில்

விடுதலைக்குப் பின் கானாவும் போட்ஸ்வானாவும் வெவ்வேறு பாதைகளில் சென்றதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். இரு நாடுகளிலும் ஆட்சிக்கு வந்தவர்கள் யார் என்பதே அந்த வேறுபாட்டுக்குப் பெரிய காரணம் என்பது அதன் சாரம். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கானாவும் (1957) போட்ஸ்வானாவும் (1966) பிரிட்டனிடமிருந்தே விடுதலை பெற்றன. கானாவிடம் கோகோவும் தங்கமும் பல்கலைக்கழகமும் இருந்தன. போட்ஸ்வானாவிடம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனாலும் பின்னது முந்திக்கொண்டது என்றால், வைரம் கிடைத்ததைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வைரம் கிடைத்த நாடுகள் பல உண்டு. சியரா லியோனிலும் அங்கோலாவிலும் அதே கல்தான் மண்ணிலிருந்து வந்தது. அங்கே அது உள்நாட்டுப் போரை நடத்துவதற்கான பணமாயிற்று. ஆகவே கல்லைக் காரணமாகக் காட்டிக் கேள்வியை முடித்துக்கொள்ள இயலாது. அந்தக் கல் யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவர்கள் யார், அவர்களுடைய சொந்த வருமானம் எங்கிருந்து வந்தது, அவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை பிடிபடும்.

போட்ஸ்வானாவின் பழைய பெயர் பெச்சுவானாலாந்து. 1885இல் பிரிட்டன் அதைத் தன் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தபோது அந்த நிலத்தின் மீது அதற்குப் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை. தெற்கிலிருந்து வடக்கே செல்லும் வழி தன் கையில் இருந்தால் போதும் என்பதே நோக்கம். நிர்வாகத் தலைமையிடத்தைக்கூட நாட்டுக்குள் வைக்கவில்லை. எல்லைக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவிலுள்ள மஃபெகிங் நகரிலிருந்து ஆட்சி நடந்தது. விடுதலையின்போது 12 கிலோமீட்டர் தார்ச்சாலையும் 22 பட்டதாரிகளுமே அந்நாட்டில் இருந்ததாக அதன் வரலாற்றை எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இந்தப் புறக்கணிப்பு மக்களுக்குக் கொடுத்த துன்பம் பெரிது. ஆனால் அதே புறக்கணிப்பினால் ட்ஸ்வானா மக்களின் பழைய அமைப்புகள் பெரிதும் சிதையாமல் மிஞ்சின.

அவற்றில் முதன்மையானது கோட்லா என்னும் ஊர்மன்றம். தலைவரின் வீட்டருகே, தடித்த மரக்கம்புகளை அரைவட்டமாக நெருக்கி நட்டு மறைத்த ஒரு திறந்த வெளி அது. பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம் இருக்கும். ஊரார் தத்தம் முக்காலிகளைக் கையோடு கொண்டுவந்து அமர்வார்கள். நிலத் தகராறு, மேய்ச்சல், குற்றம், புதிய வரி எல்லாமே அங்கேதான் பேசப்படும். தலைவர் முதலில் வாய் திறப்பதில்லை. மற்றவர்கள் பேசி முடித்த பிறகு, கேட்டவற்றைத் தொகுத்துக் கடைசியில் முடிவு சொல்வார். கோட்லாவில் பேசப்படும் சொல் எல்லாமே நல்ல சொல் என்பது அவர்களுடைய பழமொழி. மக்களால்தான் தலைவர் தலைவராகிறார் என்பது இன்னொன்று. பெண்களுக்கும், கலஹாரிப் பகுதியின் பழங்குடியினரான சான் மக்களுக்கும் அங்கே நெடுங்காலம் இடமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும், ஆள்பவர் தம் முகத்துக்கு நேராகக் குறை கேட்டாக வேண்டும் என்ற பழக்கம் அந்த மண்ணில் வேரூன்றியிருந்தது.

முதல் குடியரசுத் தலைவரான செரெட்சே காமா, பாமங்வாட்டோ குலத்தின் தலைமைக்கு உரிய வாரிசு, ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1948இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். இனஒதுக்கலைச் சட்டமாக்கிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவைப் பகைத்துக்கொள்ள விரும்பாத பிரிட்டன், அவரைச் சொந்த நாட்டிலிருந்தே விலக்கி வைத்தது. குலத் தலைமையைத் துறந்த பிறகே 1956இல் அவரால் ஊர் திரும்ப முடிந்தது. 1962இல் கட்சி தொடங்கினார். 1965 தேர்தலில் 31 இடங்களில் 28ஐ அது வென்றது.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1967இல் ஒராப்பாவில் வைரப் படிவம் கண்டறியப்பட்டது. அந்த நிலம் பாமங்வாட்டோ குலத்துக்கு உரியது. அதாவது காமாவின் சொந்தக் குலத்தின் நிலம். நிலத்தடிக் கனிமம் அதுவரை அந்தந்தக் குலத்தின் உரிமையாக இருந்துவந்தது. அதே 1967இல் நிறைவேறிய சுரங்கச் சட்டம் அந்த உரிமையைக் குலங்களிடமிருந்து எடுத்து நாட்டின் பொது உடைமையாக்கியது. அதனால் பிற குலத்தவர் ‘இது காமாவின் வீட்டுப் பணம்’ என்று சொல்லும் நிலை வரவில்லை. பாமங்வாட்டோ தரப்பினரும் தனிநாடு கேட்கவில்லை. டி பியர்ஸ் நிறுவனத்துடனான சுரங்கக் கூட்டில் தொடக்கத்தில் 15 சதவீதமாக இருந்த அரசின் பங்கு, பேச்சுவார்த்தை நடத்தி 1975இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஜுவாநெங்கின் பெருஞ்சுரங்கம் 1982இல் திறக்கப்பட்டபோது, வரும் பணத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்ற கேள்வி அந்த நாட்டில் தீர்ந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைக் காமாவின் நற்பண்பு என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் கிடைக்கும். ஆட்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாடு வளர்ப்பவர்கள். காமாவின் மந்தை பெரிது. அவருக்குப் பின் தலைவரான குவெட் மசிரே பத்திரிகையாளராகவும் முன்னோடி விவசாயியாகவும் இருந்தவர். அன்றைய ஏற்றுமதி என்றால் மாட்டிறைச்சிதான். லோபாட்சேயில் இருந்த இறைச்சிக் கூடத்தை ஏற்று நடத்திய அரசு ஆணையம், மாட்டுக்கு நல்ல விலை கொடுத்ததோடு மிஞ்சிய வருவாயை மாடு விற்றவர்களுக்கே ஊக்கத்தொகையாகத் திருப்பித் தந்தது. விலையைக் குறைத்திருந்தால் அமைச்சரின் வீட்டு வருமானமும் குறைந்திருக்கும். ஆள்பவரும் உற்பத்தியாளரும் ஒரே ஆளாக இருந்ததால், அந்தத் துறையைச் சுரண்டும் எண்ணமே எழ வாய்ப்பில்லை. இதே காரணம் பிறகு வேறொரு கொடுமையையும் செய்தது. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ வளர்க்கிறோம். கானா விவசாயிகளின் பணத்தை ‘வாரியம்’ எடுத்துக்கொண்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எப்படி எடுத்தது? (பொள்ளாச்சியிலிருந்து ஒரு விவசாயி)

பதில்: உங்கள் கை அறிந்த வேலையிலிருந்தே தொடங்குகிறேன். காயை வெட்டி, ஈர விதைகளை வழித்தெடுத்து, வாழையிலை போட்டு மூடி, இடையிடையே கிளறிவிட்டு ஆறு நாள் புளிக்கவைத்து, பிறகு பாயில் பரப்பி வெயிலில் காயவைத்தால் என்ன எடை மிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியும். கானாவின் அசாந்தே பகுதிக் குடும்பங்கள் அப்படிச் சேர்த்த உலர்ந்த விதையை 60 பவுண்டு எடையுள்ள சுமைகளாக விற்றன. நம் கணக்கில் ஒரு சுமை ஏறத்தாழ 27 கிலோ.

1937–38இல் ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு விலையைக் கட்டுப்படுத்த முயன்றபோது, அந்த விவசாயிகள் பல மாதங்கள் ஒரு விதையும் விற்காமல் நிறுத்தி வைத்தார்கள். அந்தளவுக்கு அவர்களிடம் ஒற்றுமை இருந்தது. உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசே முழுக் கொள்முதலையும் கையில் எடுத்தது. 1947இல் அது கோகோ சந்தை வாரியமாக நிலைபெற்றது. விலை ஏறும்போது கொஞ்சம் பிடித்து வைத்து, இறங்கும்போது கொடுத்துச் சமன் செய்வோம் என்பது சொல்லப்பட்ட நோக்கம். நடந்ததோ பிடித்து வைத்தது மட்டும்தான். அந்த மிச்சம் லண்டனில் பவுன் என்னும் பிரிட்டிஷ் நாணயக் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது.

விடுதலைக்கு முன் நடந்த 1951 தேர்தலில் சிறையிலிருந்தே வென்று, பின்னாளில் கானாவின் முதல் தலைவரான குவாமே நிக்ருமாவின் கட்சிக்கு இந்தக் கருவி ஆயத்தமாகக் கிடைத்தது. 1954 ஆகஸ்டில் நிதி அமைச்சர் கொம்லா பெடெமா கொண்டுவந்த சட்டம், விவசாயிக்குத் தரும் விலையைச் சுமைக்கு 72 ஷில்லிங் என நான்கு ஆண்டுகளுக்குப் பூட்டியது. ஒரு டன்னுக்குச் சுமார் 37 சுமை. 20 ஷில்லிங் ஒரு பவுன் என்று கொண்டு பெருக்கிப் பார்த்தால் டன்னுக்கு ஏறத்தாழ 134 பவுன் வரும். அந்த ஆண்டில் உலகச் சந்தை விலை டன்னுக்கு 400 பவுனைத் தாண்டியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு உழைத்தவருக்கு, மீதி அரசுக்கு.

நிக்ருமாவின் கட்சியை நடத்தியவர்கள் ஆசிரியர்களும் எழுத்தர்களும் சிறு வணிகர்களும் நகரத்து இளைஞர்களும்தான். அவர்களில் பெரும்பாலோருக்குக் கோகோ மரம் கிடையாது. அவர்கள் உயர வேண்டுமானால் அரசு வளர வேண்டும். அரசு வளரக் கோகோப் பணம் வேண்டும். வாரியத்தின் துணை நிறுவனமான கோகோ கொள்முதல் நிறுவனம் கொடுத்த கடன்கள் கட்சிக்காரர்களுக்கே சாய்வாகச் சென்றதை 1956இல் ஒரு விசாரணை ஆணையம் வெளிப்படுத்தியது. குமாசியில் விவசாயிகளும் அசாந்தே தலைவர்களும் சேர்ந்து தேசிய விடுதலை இயக்கம் என்ற எதிர்ப்பை உருவாக்கினார்கள். ஆனால் 1956 தேர்தலில் நிக்ருமாவின் கட்சி 104 இடங்களில் 71ஐ வென்றது. கோகோ விளையும் பகுதி நாட்டின் ஒரு பாகம்தானே. வாக்கெண்ணிக்கையில் தோற்ற பிறகு அவர்களுக்கு மிஞ்சியது பேச்சுரிமையும் நீதிமன்றமும் மட்டுமே. 1958இன் தடுப்புக் காவல் சட்டம் விசாரணையின்றி ஐந்து ஆண்டுகள் வரை சிறைவைக்க வழி செய்து, அதையும் பறித்தது. விடுதலைப் போராட்டத்தின் மூத்த தலைவரான ஜே.பி. டான்குவா 1965இல் சிறையிலேயே இறந்தார். அந்த மரணம் இன்றும் கானா மக்களின் மனத்தில் ஆறாத புண்.

மரப்பயிர் என்பதால் இந்தச் சுரண்டலின் விளைவு உடனே தெரியவில்லை. நட்ட கோகோவை யாரும் அடுத்த பருவத்தில் பிடுங்கிப் போட மாட்டார்கள். விலை போதாவிட்டால் மருந்து அடிப்பதை நிறுத்துவார்கள், வயதான மரத்துக்குப் பதில் புதுக்கன்று வைக்க மாட்டார்கள். பத்து, பதினைந்து ஆண்டு கழித்துத்தான் தோட்டம் சாகும். 1964–65இல் 5.5 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல், 1983–84இல் 1.6 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. கடைசி ஆண்டுகளில் வறட்சியும் காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டன என்றாலும், சரிவு அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. எல்லை ஓரத்து விவசாயிகள் விதையைக் கள்ளத்தனமாக ஐவரி கோஸ்டுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அந்த நாட்டின் தலைவரான ஊஃபுவே-புவாஞி தாமே தோட்டக்காரர். 1944இல் ஆப்பிரிக்கத் தோட்டக்காரர்களுக்குச் சங்கம் கண்டவர். 1970களின் இறுதியில் உலகக் கோகோ உற்பத்தியில் முதலிடம் கானாவிடமிருந்து அந்த நாட்டுக்குப் போயிற்று.

கேள்வி: நிக்ருமா நேர்மையற்றவர் என்பதால்தானே இவ்வளவும்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: அப்படிச் சொல்வது அவருக்கும் அநீதி, உண்மைக்கும் அநீதி. தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை 1952இலேயே நீக்கியது அவருடைய அரசு. டெமா துறைமுகமும் அகோசொம்போ அணையும் இன்றும் அந்த நாட்டைத் தாங்குகின்றன. தொழில் வளர்ச்சிக்கு முன்னால் உணவு விவசாயத்தின் விளைதிறனை உயர்த்துங்கள் என்று பொருளியலறிஞர் ஆர்தர் லூயிஸ் 1953 அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் கேளாததுதான் பிழை. 1966 பிப்ரவரியில் ராணுவம் நிக்ருமாவை வீழ்த்திய பிறகும் அதே வாரியம் அதே வேலையைச் செய்ததைக் கவனியுங்கள். 1970களின் ராணுவ ஆட்சியில் விவசாயிக்குக் கிடைத்த உண்மை விலை மேலும் மோசமாயிற்று. ஆள் மாறியும் பறிக்கும் கருவி மாறவில்லை.

கேள்வி: ஐவரி கோஸ்டில் ஒரே கட்சி ஆட்சிதான் நடந்தது, விவசாயி நன்றாகவே இருந்தார் என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். அப்படியானால் ஏழை நாட்டுக்கு முதலில் வேண்டியது கண்டிப்பான ஒருவர், ஜனநாயகம் பிறகு வரட்டும் என்பது சரிதானே? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: கூர்மையான கேள்வி. 1960 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஐவரி கோஸ்ட் நன்றாக வளர்ந்தது உண்மை. ஆனால் அந்த விவசாயிக்கு இருந்த பாதுகாப்பு, தலைவரின் நலனும் தம் நலனும் ஒன்றாக இருந்தது மட்டும்தான். 1980களின் பிற்பகுதியில் உலக விலை விழுந்தது. 1989இல் விவசாயிக்குத் தரும் விலையைப் பாதியாக வெட்டினார்கள். அதே காலத்தில் தலைவரின் சொந்த ஊரான யாமுசுக்ரோவில் உலகின் மிகப் பெரிய தேவாலயங்களுள் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. 1990இல் அது திறக்கப்பட்டது. இதைத் தட்டிக் கேட்க ஒரு மன்றமும் இல்லை. 1993இல் அவர் இறந்ததும் அடுத்து யார் என்பதற்கு ஒழுங்கான வழி எதுவும் பழகியிருக்கவில்லை. 1999இல் ராணுவப் புரட்சி, 2002இல் உள்நாட்டுப் போர்.

கண்டிப்பான ஒருவர் எப்படிப்பட்டவராக அமைவார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் வழியில்லை. மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோவில் 1965 முதல் 1997 வரை மொபுட்டு ஆண்டார். செம்பும் கோபால்ட்டும் நிறைந்த அந்த நாட்டில், காட்டுக்கு நடுவே தம் கிராமத்தில் அரண்மனையும் விமான ஓடுதளமும் கட்டிக்கொண்டார். மக்களுக்குச் சாலைகூட மிஞ்சவில்லை. உங்கள் வயதில் பலருக்கும் இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் தவறான ஆளைத் தேர்ந்துவிட்டால் திரும்பப் பெறுவது எப்படி என்ற கேள்விக்கு விடை இல்லாத ஏற்பாட்டை ஏழைகளுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: போட்ஸ்வானாவில் ஒரே கட்சி 58 ஆண்டுகள் ஆண்டதே, அதை ஜனநாயகம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அங்கே ஏற்றத்தாழ்வும் அதிகம் என்று படித்தேன். (புதுச்சேரி வாசகர்)

பதில்: நீங்கள் படித்தது சரி. உலகில் வருமான ஏற்றத்தாழ்வு மிக அதிகமான நாடுகளின் வரிசையில் போட்ஸ்வானா இருக்கிறது. முதல் கேள்வியில் பாக்கி வைத்ததையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். 1975இல் வந்த மேய்ச்சல் நிலக் கொள்கை, எல்லோருக்கும் பொதுவாக இருந்த மேய்ச்சல் வெளியின் ஒரு பகுதியை வேலி போட்டுப் பெரிய மந்தைக்காரர்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. ஆள்பவர் மாடு வைத்திருந்ததால் மாட்டுக்கு விலை கிடைத்தது. அதே காரணத்தால் பொது நிலம் போயிற்று. மாடே இல்லாத சான் மக்களுக்கு இரண்டாலும் பயனில்லை. 1997இலும் 2002இலும் அவர்கள் மத்திய கலஹாரி வனப்பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் தண்ணீர் எடுத்த ஆழ்துளைக் கிணறுகூட அடைக்கப்பட்டது.

ஆனால் அந்த 58 ஆண்டுகளில் எதிர்க்கட்சி தடைசெய்யப்படவில்லை. தேர்தல் ஒருமுறையும் நிறுத்தப்படவில்லை. தலைநகர் காபரோனின் சுற்றுப்புற நிலங்களைப் பங்கிட்டதில் நடந்த முறைகேட்டை ஓர் ஆணையம் வெளிக்கொண்டுவந்ததால் 1992இல் துணைக் குடியரசுத் தலைவரே பதவி விலக நேர்ந்தது. 1994இல் எதிர்க்கட்சி 40 இடங்களில் 13ஐப் பிடித்தது. அதன் பிறகு குடியரசுத் தலைவர் பதவிக்காலத்துக்குப் பத்தாண்டு வரம்பு அரசமைப்பில் எழுதப்பட்டது. தோற்கும் அச்சம் லேசாகத் தொட்டதற்கே இந்த விளைவு. சான் மக்களின் வழக்கில், அவர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அரசுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அரசு அதைக் குறுக்கிப் பொருள்கொண்டு, வழக்கில் பெயர் இருந்தவர்கள் மட்டும் திரும்பலாம் என்றது; அந்தக் கிணற்றைத் திறந்து பயன்படுத்தலாம் என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வைர விற்பனை படுத்து, ஆய்வகத்தில் உருவாக்கிய வைரங்கள் சந்தையை நிறைத்த நேரத்தில், 2024 அக்டோபர் 30 அன்று தேர்தல் வந்தது. 38 இடங்களை வைத்திருந்த ஆளுங்கட்சி நான்காகச் சுருங்கியது. எண்ணிக்கை முழுமையாக முடியும் முன்பே குடியரசுத் தலைவராக இருந்த மசிசி தோல்வியை ஏற்றார். நவம்பர் 1 அன்று மனித உரிமை வழக்கறிஞரான தூமா போகோ பதவியேற்றார்.

2021 இறுதியில் இறந்துபோன சான் முதியவர் ஒருவரைக் கலஹாரியில், மூதாதையர் மண்ணில் புதைக்க முந்தைய அரசு அனுமதிக்கவில்லை. நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது. உடல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிணவறையில் கிடந்தது. புதிய அரசு தடையை விலக்கியது. 2024 டிசம்பரில் அவருடைய குடும்பத்தார் அவரை வனத்துக்குள் எடுத்துச் சென்று அடக்கம் செய்தார்கள்.